எங்கட மெட்டும் நம்ம மெட்டும்

நோபல் பார்க் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய சாமான் விற்கும் கடை ஒன்று இருக்கிறதே, அங்கே போன வியாழக்கிழமை ஒரு சீடி கிடைத்தது. அட்டையில் பச்சை மலை, மூடுபனி, கல்லில் செதுக்கிய ஒரு சிலுவை, அதற்கு மேல் தங்க எழுத்தில் ‘கெல்டிக்’ என்று ஒரே ஒரு சொல். காரில் ஏறியதும் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது பாட்டு தொடங்கி நாலு வரி போகவில்லை, நான் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்துக் காரில் இருந்த அம்மாள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

சனிக்கிழமைகளில் பப்பில் கேட்ட அதே மெட்டு. அதைப் போய் கெல்டிக் என்று அட்டை போட்டு விற்றிருக்கிறார்கள். அங்கே அதை வாசித்த ஆல்ஃப் பார்த்திருந்தால் அந்தக் கடையையே இரண்டாக்கியிருப்பார். உடனே உங்களைக் கூப்பிடக் கைபேசியை எடுத்தேன். உங்கள் எண் அதில் இன்னும் இருக்கிறது. போன ஜூலையின் மெல்பர்ன் குளிரோடு நீங்கள் போய்விட்டது எனக்கு அந்த நொடியில் மறந்திருந்தது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் நீங்கள் குறுக்கே பேச மாட்டீர்கள் என்ற வசதியும் உண்டு.

எழுபதுகளின் நடுவில், சிட்னி ரோட்டில் போகும் டிராமில் என்னைப் பிடித்தீர்கள். மெல்பர்னில் ஓடும் தெருவுக்கு எதற்கு சிட்னி ரோடு என்று பெயர் வைத்தார்கள் என்பதே அப்போது எனக்குப் புரியாது. தங்கை மதுரையிலிருந்து அனுப்பிய வாரப் பத்திரிகையை விரித்து வைத்திருந்தேன். தோளுக்கு மேலே ஒரு குரல்: “நீர் தமிழோ?”

மதுரையில் ‘நீர்’ என்று ஒருவர் தொடங்கினால் ஒன்று ராஜா வேஷம் கட்டியிருப்பார், இல்லாவிட்டால் அடிதடிக்கு வந்திருப்பார். நான் பத்திரிகையை மடித்து வைத்துக்கொண்டு ஆமாம் என்றேன். “ஓம், பாத்த உடனை விளங்கிச்சு” என்று பக்கத்தில் உட்கார்ந்துவிட்டீர்கள். நீங்கள் ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார். நான் கட்டட நிறுவனம் ஒன்றின் வரைபட அறையில் நாள் முழுவதும் கோடு போடுகிறவன். என்னைவிட உங்களுக்கு நாலு வயது கூட. இரண்டு வாரத்தில் பிரன்ஸ்விக்கில் ஒரு சலவைக் கடையின் மாடியில் இருவரும் வாடகைக்கு இருந்தோம்.

ஒரே மொழிதானே என்று நம்பித்தான் வந்தேன். முதல் நாளே “கதிரையை இழுத்துப்போட்டு இரும்” என்றீர்கள். வயலில்தான் கதிர் உண்டு, இங்கே எதை இழுப்பது என்று விழித்தேன். நாற்காலியைச் சொல்லியிருக்கிறீர்கள். சோறு போடும்போது “காணுமோ?” என்று கேட்டீர்கள். எதைக் காணோம் என்று மேசைக்கு அடியில் குனிந்து தேடினேன். போதுமா என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். இதற்கெல்லாம் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஒரு சொல்லுக்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ‘எங்கட.’

எங்கட சாப்பாடு, எங்கட ஆக்கள், எங்கட சங்கீதம். மதுரைக்காரன் காதுக்கு ‘எங்க’ என்பது ஒரு கோடு. பேசுகிறவன் கோட்டுக்கு உள்ளே, கேட்கிறவன் வெளியே. ‘எங்க வீடு’ என்றால் அது உன்னுடையதில்லை. கேட்கிறவனையும் உள்ளே சேர்ப்பதற்கென்றே ‘நம்ம’ என்று தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறோம். ‘நம்ம வீடு’ என்றால் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சமையலறைக்குப் போகலாம். நான் ‘நம்ம சமையல்’ என்பேன், நீங்கள் ‘எங்கட சமையல்’ என்பீர்கள். நான் ‘நம்ம ஆளுங்க’ என்பேன், நீங்கள் ‘எங்கட ஆக்கள்’ என்பீர்கள். ஒரு தடவையாவது உங்கள் வாயிலிருந்து ‘நம்ம’ வருகிறதா என்று மாதக்கணக்கில் காத்திருந்தேன். வரவேயில்லை.

என் தங்கை என்னைத் தொட்டாற்சுருங்கி என்பாள், அது பொய்யில்லை. கேட்டுத் தொலைத்திருந்தால் ஒரு நிமிட வேலை. கேட்க ரோஷம் விடவில்லை. நீங்கள் எங்கட என்று சொல்லும்போதெல்லாம் நான் உள்ளுக்குள் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துகொண்டேன். உங்களுக்கு அது தெரியாது. நீங்கள் பாட்டுக்கு இன்னொரு தோசையை என் தட்டில் போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

அந்த பப்புக்குள் போனது உங்கள் காது செய்த வேலை. கார்ல்டனில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், காய்கறிப் பையோடு நடந்துகொண்டிருந்தோம். சட்டென்று நின்றீர்கள். “பிடில்” என்றீர்கள். வயலினை உங்கள் அப்பா அப்படித்தான் சொல்வாராம். உள்ளே போனால், வயலின் வைத்திருந்த அயர்லாந்துக்காரி மோரீனும் அதை ஃபிடில் என்றுதான் சொன்னார். உங்களுக்கு அங்கேயே பாதி உறவு முடிந்துவிட்டது.

மோரீன் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்தவர். சிவந்த கை, ஓயாத வாய். அவருக்கு எதிரே ஆல்ஃப். இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் நிலக்கரி தோண்டிய ஒருவரின் மகன், கொதிகலன் பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவரிடம் கன்சர்ட்டினா என்ற சின்னத் துருத்திப் பெட்டி. அந்தப் பெரிய கைகளுக்குள் அது இருப்பதே தெரியாது. இரண்டு பேரும் மாறி மாறி ஒரு மெட்டை எடுப்பார்கள், மற்றவர் சேர்ந்துகொள்வார். நீங்கள் லெமனேடைத் தொடாமல் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தீர்கள். அந்தக் குதியாட்ட மெட்டுகளை ஜிக் என்றார்கள். “இது தகிட தகிட, திஸ்ரம்” என்று என் காதில் சொன்னீர்கள். தாளத்தில் கையைத் திருப்பி ஒரு வீச்சு வீசினீர்கள் பாருங்கள், ஆல்ஃப் அதைப் பார்த்துப் பாதியில் நிறுத்திவிட்டார். போதும், நிறுத்து என்று சைகை காட்டுகிறீர்கள் என்று நினைத்துவிட்டாராம். அவர் முகம் வாடியதைப் பார்த்து நீங்கள் மன்னிப்புக் கேட்ட வேகம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அடுத்த சனிக்கிழமை, இரண்டு வருடமாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்த உங்கள் வயலினும் வந்தது. நாற்காலி கொடுத்தார்கள், வேண்டாம் என்றீர்கள். பியர் ஊறிப்போன அந்தக் கம்பளத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து, வலது காலை நீட்டி, வயலினின் தலையைக் கணுக்காலில் சாய்த்தீர்கள். பப் முதலாளி ஒரு தம்ளர் தண்ணீரோடு ஓடிவந்தார். ஆள் மயங்கி விழுந்துவிட்டார் என்று நினைத்தாராம். “இல்லை, இது இவரது ஆசனம்” என்று நான் விளக்க வேண்டியதாயிற்று. அன்று இன்னொன்றும் விளக்கினேன். நீங்கள் கரகரப்ரியாவில் கொஞ்சம் வாசித்ததும், என்ன இசை என்று ஆல்ஃப் கேட்டார். “நம்முடைய இந்திய சங்கீதம்” என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். திரும்பும் டிராமில்தான் அதற்கு நீங்கள் பதில் சொன்னீர்கள்.

“அது இந்தியாதான் எண்டு உமக்கு ஆர் சொன்னது? என்ர அப்பர் படிச்சதும் படிப்பிச்சதும் யாழ்ப்பாணத்தில. அது எங்கட சங்கீதம்.”

பார்த்தாயா, மறுபடியும் எங்கட, என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆனால் அந்தச் சனிக்கிழமைகள் எவ்வளவு நன்றாக இருந்தன! மோரீனின் சில மெட்டுகள் உங்கள் கரகரப்ரியாவின் படிகளிலேயே ஏறி இறங்கின. ஆல்ஃபின் பழைய பாட்டுகளிலும் அதே படிகள்தான். இரண்டு பேரிடமும் மெட்டு இரண்டு பாதி, ஒவ்வொரு பாதியும் இரண்டு தடவை. பிறகு வித்தியாசம்தான் என்ன என்று நான் கேட்டேன். நீங்கள் யோசித்துவிட்டுச் சொன்னீர்கள்: “ஆல்ஃப் காலுக்கு வாசிக்கிறார். மோரீன் விரலுக்கு வாசிக்கிறா.” அதற்குப் பிறகுதான் எனக்குக் கேட்கத் தொடங்கியது. ஆல்ஃபின் மெட்டில் ஒவ்வொரு அடியும் தரையில் ஊன்றி நிற்கும், ஆடுகிறவன் கால் வைக்க இடம் விட்டு. மோரீன் அதே சுரத்தை ஒரு சிமிட்டுச் சிமிட்டி, ஒரு சுழட்டுச் சுழட்டிவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போவார். கமகத்துக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும், ஆனால் அதற்குள் ஓடிவிடும்.

கெல்டிக் என்ற சொல்லும் அங்கேதான் அறிமுகமானது. நீங்கள் அதை செல்டிக் என்று படித்து மோரீனிடம் திட்டு வாங்கினீர்கள். அது ஏதோ கால்பந்து அணியின் பெயராம். “கெல்டிக் என்பது மொழிகளுக்கு வைத்த பெயர்” என்றார் மோரீன். “ஐரிஷ், ஸ்காட்லாந்து மலைக்காரர்களின் மொழி, வேல்ஸ் மொழி, இன்னும் ஒன்றிரண்டு. என் தாத்தாவுக்கு ஐரிஷ்தான் பேச்சு. ஆனால் வீட்டில் யாரும் கெல்டிக் இசை வாசிப்போம் வா என்று கூப்பிட்டதில்லை. மெட்டு என்போம், அவ்வளவுதான்.”

“எங்கள் மேட்டில் ஏறினால் ஸ்காட்லாந்து தெரியும்” என்றார் ஆல்ஃப். “அறுவடைக்கு அயர்லாந்து ஆட்கள் வருவார்கள். ராத்தங்கும் கொட்டகையில் மெட்டை விட்டுவிட்டுப் போவார்கள், எங்கள் மெட்டை எடுத்துக்கொண்டு போவார்கள். எல்லையில் ஓடும் ஆற்றைத் தாண்டினால் மெட்டுக்கு ரத்தம் மாறிவிடுமா?”

நீங்கள் கணக்கு வாத்தியார், சும்மா இருப்பீர்களா? பியர் கிளாசுக்கு அடியில் வைக்கும் அட்டையை எடுத்து ஒன்றை ஒன்று வெட்டும் இரண்டு வட்டம் போட்டீர்கள். ஒன்று ஆல்ஃபுக்கு, ஒன்று மோரீனுக்கு. ஒவ்வொரு மெட்டாகக் கேட்டுக் கேட்டு எங்கே வைப்பது என்று விசாரித்தீர்கள். ஜிக் நடுவில். விரைந்து சுழலும் ரீல் மெட்டும் நடுவில். மாலுமிகள் ஆடிய ஹார்ன்பைப் நடுவில். பிடிலும் கன்சர்ட்டினாவும் நடுவில். ஒவ்வொரு வாரமும் புது அட்டை, ஒவ்வொரு அட்டையிலும் வட்டங்கள் நெருங்கி வந்தன. கடைசியில் இரண்டு ஓரத்திலும் மெலிந்த பிறைகள் மட்டும் மிஞ்சின. ஆல்ஃபின் பிறையில், வாத்தியமே இல்லாமல் அவர் பாடும் நீண்ட கதைப்பாட்டுகள், கைக்குட்டையும் கோலும் வைத்து ஆடும் கிராமத்து ஆட்டம். மோரீனின் பிறையில், தாத்தாவின் மொழியில் கண்ணை மூடிக்கொண்டு தாளமே இல்லாமல் பாடும் இரண்டு மூன்று பாட்டுகள். அந்தப் பிறைகளைத்தான் இருவரும் அதிகமாக நேசித்தார்கள் என்று எனக்குப் பட்டது. எனக்கு அந்தப் பாசம் நன்றாகவே புரிந்தது.

அந்த நேரத்தில்தான் நீங்கள் நோபல் பார்க்கில் வீடு பார்த்து முடித்தீர்கள். மனைவியும் சின்ன மகளும் யாழ்ப்பாணத்திலிருந்து வருவதற்கு விசா கிடைத்திருந்தது. “எங்கட வீட்டில மூண்டு அறை. எங்கட வீட்டில பின்னுக்கு எலுமிச்சை மரம் நிக்குது” என்று நாள் தவறாமல் சொன்னீர்கள். நான் தலையாட்டினேன். எங்கட வீடு, சரி. மதுரைக்காரன் காதுக்கு அதைவிடத் தெளிவாக யாரும் போய்வா என்று சொல்ல முடியாது. ஒரு அறை உங்களுக்கு, ஒன்று மகளுக்கு, மூன்றாவது பின்னால் வரக்கூடிய ஏதோ ஒரு மச்சானுக்கு என்று நானே ஆள் வைத்து முடித்துவிட்டேன். சலவைக் கடை மாடியில் தனியாக இருக்கப்போவதை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. இந்த ஊரில் எனக்கென்று இருந்தவர் நீங்கள் ஒருவர்தான். அதைச் சொல்லாமல், சிட்னியில் ஒரு வேலைக்கு எழுதிப் போட்டேன். வேலையும் கிடைத்தது. சம்மதம் என்று பதில் எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் அந்தச் சனிக்கிழமை உங்களோடு பப்புக்கு வந்தேன். வழியில் இருந்த தபால் பெட்டியில் போட்டிருக்கலாம். உங்கள் கண் முன்னால் போடக் கை வரவில்லை. திரும்பும்போது போடலாம் என்று விட்டுவிட்டேன்.

அன்று வாசல் கரும்பலகையில் முதலாளி புதிதாக எழுதியிருந்தார்: ‘சனிக்கிழமை, ஐரிஷ் இசை.’ கூட்டம் சேர்கிறதே என்ற ஆசையில் எழுதியிருப்பார், பாவம். ஆல்ஃப் அதைப் படித்துவிட்டு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மோரீன் பலகையைப் பார்க்கவேயில்லை. வழக்கம்போல வில்லை எடுத்து, “இது எங்கள் மெட்டு, கேளுங்கள்” என்று சொல்லித் தொடங்கினார். ஆங்கிலத்தில் ‘அவர்ஸ்’ என்றார். அதுதான் இப்போது சீடியில் வந்திருக்கிற மெட்டு. மோரீன் அதைக் ‘கவிழ்ந்த பால்வாளி’ என்பார், ஆல்ஃப் ‘சுரங்கத்து மணி’ என்பார்.

முதல் பாதி முடிவதற்குள் ஆல்ஃப் கன்சர்ட்டினாவை மூடி வாரை மாட்டிவிட்டார்.

“அது எங்களுடையது” என்றார். “என் அப்பா சுரங்கத்து ஆட்களின் வாள் நடனத்துக்கு வாசித்தது. வெளியே பலகையில் என்னை அழித்தாயிற்று. இப்போது அப்பாவையும் அழிக்க வேண்டுமா?”

“என் அம்மா வாயால் பாடிப் பாடி என்னைத் தூங்கவைத்த மெட்டு அது” என்றார் மோரீன். “எத்தனை நூறு வருடம் எங்களிடமிருந்து எடுத்தீர்கள்! இதையும் எடுப்பீர்களா?”

ஆல்ஃப் எழுந்து கோட்டில் ஒரு கையை நுழைத்தார். அவர் அந்தக் கதவைத் தாண்டினால் திரும்ப மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ரோஷக்காரனை ரோஷக்காரனுக்குத் தெரியாதா? என் பையிலும் ஒரு கடிதம் இருந்ததே. எங்கிருந்து எனக்கு அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை, வாயைத் திறந்துவிட்டேன்.

“மோரீன், எங்கள் ஊரில் ‘அவர்ஸ்’ என்பதற்கு இரண்டு சொல் உண்டு. எதிரில் இருப்பவரைச் சேர்த்து ஒன்று, விட்டுவிட்டு ஒன்று. நீங்கள் சொன்னது எது?”

மோரீன் என்னைப் பார்த்தார், ஆல்ஃபைப் பார்த்தார். “இதென்ன கேள்வி? அந்த மனுஷன் உள்ளே இருக்கிற ‘அவர்ஸ்’தான். வெளியே விட வேண்டுமானால் வாராவாரம் இவரது முனகலை எதற்குப் பொறுத்துக்கொள்கிறேன்?”

ஆல்ஃபின் ஒரு கை கோட்டுக்குள், ஒரு கை வெளியே. “அந்தச் சொல் என்ன?” என்று என்னிடம் கேட்டார்.

“நம்ம.”

“நாமா” என்று சொல்லிப் பார்த்தார். மோரீனும் சொல்லிப் பார்த்தார். நாலைந்து மேசைகளிலிருந்து நாமா, நாமா என்று சத்தம் வந்தது. ஆல்ஃப் மெல்லக் கோட்டிலிருந்து கையை உருவிக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர், கம்பளத்தில் இருந்த உங்களைப் பார்த்துக் கேட்டார், “உங்கள் ஊரிலும் இப்படி இரண்டு சொல்லா?”

நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்ன பதிலை நான் சொல் மாறாமல் வைத்திருக்கிறேன். “இல்லை. புத்தகத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பேச்சில் எங்களுக்கு ஒன்றுதான், ‘எங்கட’. கேட்கிறவரும் அதற்குள்தான். யாரையாவது வெளியே நிறுத்த வேண்டுமென்றால், அவர் பெயரைச் சொல்லித்தான் நிறுத்துவோம்.”

ஆல்ஃப் கடகடவென்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எங்கட சாப்பாடு, எங்கட ஆக்கள், எங்கட வீடு. அத்தனை மாதமும் நீங்கள் என்னை உள்ளே கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறீர்கள், நான் ஒவ்வொரு தடவையும் எழுந்து வெளியே போயிருக்கிறேன். எனக்கு முகமெல்லாம் சுட்டது. பெரிய சொல் ஆராய்ச்சிக்காரன் மாதிரி அடுத்தவர் சண்டையைத் தீர்த்துவைத்தவனுக்குத் தன் வீட்டுச் சங்கதி தெரியவில்லை.

திரும்பும் டிராமில் கேட்டேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள மிகவும் கஷ்டப்பட்டேன்.

“அந்த வீட்டுல மூணாவது ரூம் யாருக்குங்க?”

“என்ன காணும் கேள்வி இது? உமக்குத்தான். வேற ஆருக்கு? ஒரு மாசமா எங்கட வீடு எங்கட வீடெண்டு சொல்லுறன், நீர் சும்மா தலையை ஆட்டிக்கொண்டு இருக்கிறீர். விருப்பமில்லையாக்கும் எண்டு நினைச்சன். என்ர மனிசியும் கடிதத்தில கேட்டிருக்கிறா, அந்தத் தம்பிக்கு உறைப்பு எவ்வளவு போடுறதெண்டு.”

நான் பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் காட்டினேன். உறையின் மேல் சிட்னி முகவரியைப் படித்தீர்கள். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டீர்கள்.

“ஒரு சொல்லுக்காண்டியோ போக வெளிக்கிட்டனீர்?”

“‘எங்க’ன்னா எங்க ஊர்ல வேற அர்த்தங்க.”

“அப்ப நானும் ஒண்டு சொல்லுறன், கேளும். உம்மட ‘நம்ம’ இருக்கே, அதுவும் லேசுப்பட்டதில்லை. வாயைத் திறந்து எல்லாத்தையும் விழுங்கிப்போடும். என்ர அப்பரின்ர சங்கீதத்தை ஒரு நிமிசத்தில இந்தியாவுக்குக் குடுத்திட்டீர். அண்டைக்கு எனக்கு நித்திரை வரேல்லை.”

அது நியாயம். ஆல்ஃபின் ஆட்கள் மோரீனின் ஆட்களுக்குச் செய்ததும், கேட்காமல் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டதுதானே. மன்னிப்புக் கேட்டேன். “சரி, விடும்” என்றீர்கள். அந்தக் கடிதத்தை நாலாகக் கிழித்து டிராம் ஜன்னல் வழியாகப் போடப் போனேன். தெருவில் குப்பை போடாதே என்று வாத்தியார் குரலில் அதட்டிவிட்டு, துண்டுகளை வாங்கி உங்கள் வயலின் பெட்டிக்குள் வைத்துக்கொண்டீர்கள்.

மூன்றாவது அறையில் மூன்று வருடம் இருந்தேன். எனக்குக் கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவுக்குப் போகும்வரை. உங்கள் மனைவியின் தேங்காய்ச் சம்பலைக் கண்ணில் தண்ணீர் வராமல் சாப்பிடப் பழக ஒரு வருடம் பிடித்தது. பப் வாசலில் மோரீன் முதலாளியைக் கொண்டு பலகையை அழிக்கவைத்து, ‘சனிக்கிழமை, மெட்டுகள்’ என்று மட்டும் எழுதவைத்தார். அந்த மெட்டுக்கு மூன்றாவது பெயராக ‘நாமா’ என்று வைத்தார்கள். எங்கட என்று ஏன் வைக்கவில்லை என்று நீங்கள் வருடக்கணக்கில் குறை சொன்னீர்கள். முதல் சுற்று ஆல்ஃப், தரையில் ஊன்றி. இரண்டாவது மோரீன், சிமிட்டிச் சுழட்டி. மூன்றாவது நீங்கள், காந்தார சுரத்தை ஒரு அசைப்பு அசைத்து. அது எந்த ஊர் அசைப்பு என்று புதிதாக வந்த ஒருவர் கேட்டபோது, ஆல்ஃப் முந்திக்கொண்டு “யாழ்ப்பாணம்” என்றார். உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே அப்போது!

ஆல்ஃபும் மோரீனும் உங்களுக்கு முன்பே போய்விட்டார்கள். கடைசிவரை அந்த மெட்டு யாருடையது என்று முடிவாகவில்லை, முடிவாக வேண்டும் என்று அப்புறம் யாரும் கேட்கவுமில்லை. எனக்கு அதில் நிறைவுதான். நல்ல வாழ்க்கை வாழ்ந்தோம், வேறென்ன.

உங்களை வழியனுப்பிய நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. உங்கள் மகள் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னாள். எழுந்து நின்று, “எங்கட மனிசன் போயிட்டார்” என்று தொடங்கினேன். அதை நான் கவனிக்கவேயில்லை. ஐம்பது வருடத்தில் அது என் வாய்க்குச் சொந்தமாகிவிட்டிருந்தது. பேசி முடித்துத் தாழ்வாரத்துக்கு வந்தபோது ஒருவர் பின்னாலேயே வந்தார். பொயிண்ட் குக்கிலிருந்து ஞாயிறு தவறாமல் வந்து உங்கள் வயலினுக்கு மிருதங்கம் வாசித்த கோயம்புத்தூர்க்காரர்தான். நாற்பது வயதுக்கு மேற்பட்ட மனிதர், கண் சிவந்திருந்தது.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க மனுஷன்னு சொன்னீங்களே. பத்து வருஷமா ஊரோட அந்தக் கோடியில இருந்து வந்துட்டு இருக்கேன். அப்ப நான் வெளியாளுங்களா?”

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“வெளியே நிறுத்தணும்னா உங்க பேரைச் சொல்லித்தான் நிறுத்தியிருப்போம்” என்றேன்.

அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது. உள்ளே உங்கள் சவப்பெட்டியைத் தூக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆறு பேர் வேண்டும், ஐந்து பேர்தான் இருந்தோம். இந்த வயதில் நீங்கள் எதற்கு அங்கிள் என்று உங்கள் மகள் என்னைத் தடுத்தாள், நான் கேட்கவில்லை. ஆறாவது ஆளாக அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். எனக்குப் பக்கத்திலேயே நின்று, என் பங்குப் பாரத்தையும் சேர்த்து அவரே தாங்கினார்.

நேற்று அவர் போன் பண்ணினார். ஞாயிற்றுக்கிழமை வீடு வெறிச்சென்று இருக்கிறது, அங்கே வரலாமா என்று கேட்டார். உங்கள் மனைவி இப்போது எங்களோடுதான் இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். “எங்கட வீடுதானே, வாங்க” என்றேன்.

இந்தத் தடவை, நான் வெளியாளா என்று அவர் கேட்கவில்லை. மிருதங்கத்தையும் கொண்டுவரட்டுமா என்று மட்டும் கேட்டார்.